மயிலாப்பூர் நிலாவில் ஒரு யூதப் பஞ்சாங்கம்

புரட்டாசி அமாவாசையன்று மயிலாப்பூரில் கால் வைக்க இடமிருக்காது. கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் விடிவதற்கு முன்பே தர்ப்பணத்துக்கு ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். எள்ளும் தர்ப்பையும் விற்பவர்கள், அகத்திக்கீரைக் கட்டோடு நிற்பவர்கள், வாத்தியாரைத் தேடி அலைபவர்கள் என்று தெருவே நெரியும். மெரினா மணலிலும் அதே கூட்டம். வடக்கு மாட வீதி நடைபாதையில் மட்டும் வேறு கதை. தசாவதார செட்டும் செட்டியார் பொம்மையும் வைக்கோலிலிருந்து வெளியே வந்து பேரத்துக்குக் காத்திருக்கும். மறுநாள் கொலு.

2025-ல் அந்த அமாவாசை செப்டம்பர் 21-ஆம் தேதி வந்தது. 22-ஆம் தேதி வீடுகளில் கலசம் வைத்து நவராத்திரி தொடங்கியது. அன்று மாலை சூரியன் மறைந்ததும் உலகெங்கும் உள்ள யூதர்களுக்கு 5786-ஆம் ஆண்டு பிறந்தது. பத்தாம் நாள், அக்டோபர் 2, மயிலாப்பூருக்கு விஜயதசமி. யூதர்களுக்கு அது யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பருகாத விரத நாள்.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. தமிழ் மாதம் சூரியக் கணக்கு என்றாலும் நம் பண்டிகைகளில் பாதி திதியைப் பார்த்து வருபவை. யூத மாதங்கள் எல்லாமே பிறையோடு பிறப்பவை. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினோரு நாள் குறைவு என்பதால் இரு கணக்குகளும் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகியாக வேண்டும். யூதர்கள் 19 ஆண்டுகளுக்குள் ஏழு முறை அப்படிச் செய்கிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் அதிக மாசம் உண்டு. ஆனால் அது விழும் ஆண்டு வேறு. அதனால்தான் 2020-ல் கணக்கு பிசகியது. செப்டம்பர் 17-ல் மகாளய அமாவாசை முடிந்து மறுநாள் மாலையே யூதப் புத்தாண்டு வந்துவிட்டது. நவராத்திரியோ அதிக மாசத்தைத் தாண்டி அக்டோபர் 17-ல்தான் தொடங்கியது. 2026-ல் யூதப் புத்தாண்டு செப்டம்பர் 11 மாலை பிறக்கிறது. பிள்ளையார் சதுர்த்தி 14-ஆம் தேதி. மாட வீதியில் அப்போது களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும்தான் கிடைக்கும்.

புத்தாண்டுக்கு முந்தைய எலுல் மாதத்தில் முன்னோர் கல்லறைகளுக்குப் போய்வருவது பல யூத சமூகங்களின் வழக்கம். மகாளய பட்சமும் முன்னோருக்கானதுதான். புத்தாண்டு அன்று நீர்நிலை ஒன்றின் கரைக்குப் போய், செய்த தவறுகளைத் தண்ணீரில் உதறிவிடுவதாகப் பாவித்துப் பிரார்த்திக்கும் சடங்குக்குத் தஷ்லிக் என்று பெயர். இதற்கு மெரினாவைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. கொண்டாட ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்கள்தான் இல்லை. இந்தியாவில் யூதர்களின் மொத்த எண்ணிக்கையே ஐயாயிரத்துக்கும் குறைவு என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அவர்களிலும் பெரும்பாலோர் மும்பை, தாணே பக்கம். சென்னையில் இன்று ஜெபாலயம் கிடையாது. மரபுப்படி கூட்டுத் தொழுகை நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும். அந்தப் பத்தை மின்யான் என்கிறார்கள். வேலை நிமித்தம் இங்கே தங்கும் ஒன்றிரண்டு குடும்பங்களுக்குப் பண்டிகை என்பது வீட்டுக்குள் நடப்பதுதான். நல்லவேளையாக, யூத சமயத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் வீட்டுப் பெண் விளக்கேற்ற, ஓய்வு நாளான சபாத் தொடங்கும். லண்டனில் அந்த நேரம் குளிர்காலத்தில் நாலு மணிக்கும் கோடையில் ஒன்பது மணிக்குமாக ஊசலாடும். சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுக்க அஸ்தமனம் சுமாராக ஐந்து நாற்பதுக்கும் ஆறு நாற்பதுக்கும் இடையில்தான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் வேளை என்று மயிலாப்பூர்ப் பெண்கள் கடிகாரம் பார்க்காமல் சொல்லும் அதே வேளை.

நகரத்தில் யூதர்களுக்கென்று மிஞ்சியிருக்கும் முகவரி ஒன்றே ஒன்று. ராயப்பேட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் ஓடும் அவ்வை சண்முகம் சாலை, பழைய ஆட்களுக்கு இன்னும் லாயிட்ஸ் ரோடு. அதன் ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் சீனர்களுக்கும் பஹாய்களுக்கும் உரிய இடுகாடுகளை அடுத்து ஒரு சின்ன யூத இடுகாடு இருக்கிறது. சுற்றுச்சுவரும் கேட்டும் தவிர வெளியிலிருந்து தெரிவது அதிகமில்லை. பேருந்தில் தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகம். உள்ளே எபிரேய எழுத்து பொறித்த கற்கள். அவற்றில் பழையவை இங்கே நட்டவை அல்ல. வடசென்னையில் தங்கசாலைப் பக்கம் இருந்த ஆதி இடுகாட்டைச் சேர்ந்தவை. ஊர் பெருகப் பெருக அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்தன. யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை. வந்துபோனதன் அடையாளமாக ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கற்களுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று கேட்டால், கோல்கொண்டா வைரத்தில் போய் முடியும் கதை அது.

போர்ச்சுகலில் 1536-ல் சமய விசாரணை மன்றம் அமைந்தது. யூதர்கள் பலர் அதற்கு முன்பே கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவராகியிருந்தார்கள். முடிந்தவர்கள் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, பின்னர் லண்டன் என்று சிதறினார்கள். கோவாவில் 1560-ல் அதே மன்றம் கிளை விட்டது. லண்டனில் குடியேறிய போர்த்துகீசிய யூதர்கள் சிலர் 1680-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு சென்னைப் பட்டணத்துக்கு வந்தார்கள். போர்த்துகீசியரின் சாந்தோமில் ஒளித்து வைக்க வேண்டியிருந்த சமயத்தை, அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலிருந்த ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டையில் வெளிப்படையாகவே அனுசரிக்கலாம். கோட்டைக்காரர்களுக்குச் சகிப்புத்தன்மை பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வைரம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது.

வியாபாரம் ஒரு வட்டமாக நடந்தது. சார்டினியா, கோர்சிகா, வட ஆப்பிரிக்கக் கடற்கரைகளில் எடுத்த செம்பவழம் இத்தாலியின் லிவோர்னோவில் மெருகேறும். அது லண்டன் வழியாகக் கப்பலேறிச் சென்னைக்கு வரும். இங்கே பவழத்துக்கு இருந்த கிராக்கி ஐரோப்பாவில் கிடையாது. அதை விற்ற காசில் கோல்கொண்டாச் சுரங்கங்களின் பட்டை தீட்டாத வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்புவார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. பின்னாளில் நகரத்தார் வீடுகளுக்குப் பேர்போன அதே தெரு.

இந்தச் சமூகத்தின் பருவங்களை நிர்ணயித்தது கடல். குளிர்காலத்தில் இங்கிலாந்தை விட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஆடி, ஆவணி வாக்கில் வந்து சேரும். சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி, மசூலாப் படகில் சரக்கு இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள், அக்டோபர் நடுவுக்குள், கிளம்பாத கப்பல் புயலில் சிக்கும். ஆக, யூதப் புத்தாண்டும் விரதமும் கூடாரப் பண்டிகையும் வரும் அதே சில வாரங்கள்தான் கடைசிக் கப்பலுக்கு வைரம் பொட்டலம் கட்டும் வாரங்களும்.

முன்னணியில் வந்தவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜாக் டி பைவா. 1687-ல் இறந்துபோனார். அவருடைய மனைவி ஹிரோனிமா பிறகு ஆளுநர் எலிஹு யேலுடன் வாழ்ந்தார். அவர்களுக்கு சார்ல்ஸ் என்று ஒரு மகன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இந்த ஆளுநரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1718-ல் அவர் அனுப்பிய சரக்கு மூட்டைகளை விற்றுக் கிடைத்த 562 பவுண்டுதான் அதற்கு விலை. அந்தச் செல்வம் சென்னையில் சேர்ந்தது.

இதைவிடச் சுவாரசியமான செய்தி நகராட்சியில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கியபோது அதன் மன்றத்தில் ஆல்டர்மன் என்ற பதவியில் இருந்த பன்னிரண்டு பேரில் மூவர் யூத வணிகர்கள். அல்வாரோ டா ஃபொன்சேகா, பார்த்தலோமியோ ரோட்ரிகஸ் போன்ற பெயர்கள் உள்ளூர் இந்து வணிகர்களின் பெயர்களோடு ஒரே பட்டியலில் வருகின்றன. லண்டன் மாநகரம் ஒரு யூத ஆல்டர்மன்னை இருக்கையில் அமரவிட்டது 1847-ல்தான். அவர் டேவிட் சாலமன்ஸ்; 1855-ல் லார்டு மேயரும் ஆனார். இந்த ஒரு விஷயத்தில் சென்னை லண்டனை 159 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் தாமஸ் பிட்டுக்கு வைர விஷயத்தில் நெருக்கமாக இருந்தவர் ஐசக் சார்தோ அபெந்தானா. பிட் வாங்கிய 410 காரட் கல் பட்டை தீட்டப்பட்டு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ரீஜன்ட் வைரமாக இருக்கிறது. அபெந்தானா 1709-ல் இந்த ஊரிலேயே காலமானார். 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கத் தொடங்கியதும் ஆட்டம் மாறியது. பிறகு பிரெஞ்சுப் போர்கள், வங்காளத்துக்கு நகர்ந்த வியாபாரம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சமூகம் கரைந்துவிட்டது.

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் மாலை ஏழு மணிக்கு நிற்பவர்களுக்கு இந்தப் பழங்கதை அவ்வளவு பழசாகத் தோன்றாது. செவ்வாய்க்குப் பவழம் போடச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வரும் அம்மாக்கள், நவரத்தின மோதிரத்துக்கு அளவு கொடுக்கும் மாப்பிள்ளைகள், கண்ணில் லென்ஸ் வைத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கடைக்காரர்கள். அசல் செம்பவழம் என்று இங்கே விலைபோவதில் நல்லது இன்றும் மத்தியதரைக் கடல் சரக்குதான். அந்த நகருக்கே பெயர் தந்த பிட்டி தியாகராய செட்டியார், அந்த யூத வணிகர்கள் அமர்ந்த அதே மாநகராட்சியின் தலைவராக இருந்தவர்.

அங்கிருந்து அடையாறு ஆற்றைத் தாண்டினால் கதை இன்னொரு நூற்றாண்டுக்குத் தாவுகிறது. பிரம்மஞான சபை 1882 முதல் அங்கே இருக்கிறது. 1925 டிசம்பரில் சபையின் பொன்விழா மாநாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து கூட்டம் வந்தது. வந்தவர்களில் இருந்த யூதர்கள் ஒன்றுகூடி எபிரேய பிரம்மஞானிகள் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கபாலா என்னும் யூத மறைஞானத்தையும் அடையாறு பேசிய தத்துவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த வளாகத்தில் இந்துக் கோயிலும் புத்தர் ஆலயமும் பார்சி வழிபாட்டிடமும் தேவாலயமும் மசூதியும் உண்டு. அவற்றோடு ஒரு ஜெபாலயமும் எழ வேண்டும் என்று முயற்சி நடந்தது. கட்டடம் எழவில்லை. ஈராக்கின் பஸ்ராவில் பிரம்மஞானத்தில் ஈடுபட்ட யூதர்களை அங்கிருந்த மதத்தலைவர்கள் சமூகத்தை விட்டே விலக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அடையாறில் மாநாடுகள் இன்றும் டிசம்பரில்தான். வளாகத்திலுள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நிற்கின்றன.

இந்த வட்டத்தோடு தொடர்புள்ள ஈராக்கிய யூதர் எஸ். எஸ். கோஹன் 1936-ல் திருவண்ணாமலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ரமண பக்தர்களுக்கு ‘குரு ரமணா’ புத்தகத்தின் ஆசிரியராக அவரைத் தெரியும். போலந்து யூதரான மாரிஸ் ஃப்ரிட்மன் என்ற எஞ்சினியரும் அதே மலையடிவாரத்துக்கு வந்துபோனவர். தமிழ்நாட்டுக்கு வைரம் தேடி வந்த யூதர்கள் போய், வேறு எதையோ தேடி வந்தவர்களின் காலம் அது.

ஹிட்லர் காலத்தில் உயிருக்குத் தப்பி இந்தியாவுக்கு வந்தவர்கள் மூன்றாவது வகை. அவர்களில் ஒருவருடைய இசை மயிலாப்பூரில் தினமும் ஒலித்தது. காமராஜர் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் வானொலி நிலையம் விடிகாலையில் ஒலிபரப்பைத் தொடங்கும்போது கேட்கும் வயலின் முகப்பிசையை இயற்றியவர் வால்டர் காஃப்மன் என்பதே பரவலான கருத்து. சிவரஞ்சனி சாயல் கொண்ட அந்தச் சில விநாடிகளைக் கேட்டுக்கொண்டே காபி டிகாஷன் இறக்கிய வீடுகள் எத்தனை! காஃப்மன் 1907-ல் கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர். 1934-ல் பம்பாய் வந்தார்; 1937 முதல் 1946 வரை அங்கே வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்தார். முதலில் கேட்டபோது இந்திய இசை அவருக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாததை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்ட ஆள். அமெரிக்காவில் பேராசிரியரான பிறகு, தென்னிந்திய ராகங்களின் பட்டியலாகவே ஒரு பெரிய நூலை 1976-ல் வெளியிட்டார். மார்கழி சீசனில் சபா கேன்டீன் தோசையைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் இவருக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தாண்டு முடிந்து பௌர்ணமியில் வரும் கூடாரப் பண்டிகைக்கு வீட்டுக்கு வெளியே இலைதழையால் பந்தல் போட்டு ஏழு நாள் அதில் சாப்பிடுவார்கள். கூரை இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது மரபு. நம் ஊர்த் தென்னங்கீற்றே போதும். புரட்டாசி இடிமழையில் சாம்பாரும் தண்ணியாகிவிடும் என்பதுதான் சிக்கல். பண்டிகை முடிந்த மறுநாள் மழை வேண்டிப் பிரார்த்தனை. இஸ்ரேலில் மழைக்காலம் அப்போதுதான் தொடங்குகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அப்போதுதான். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்களோ அன்றாடத் தொழுகையில் மழை கேட்கத் தொடங்குவது டிசம்பர் 4 அல்லது 5-ல். பழைய பாபிலோனின் உழவுக் கணக்கு அது. 2023-ல் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது டிசம்பர் 4-ல். வேளச்சேரியில் அன்று யாராவது அந்த வரியைச் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்தியிருப்பார்கள்.

தைப் பௌர்ணமிக்கு வடபழனியில் காவடி ஆடும் நாட்களில் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் மலிதா படைக்கிறார்கள். நனைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள். எலியா தீர்க்கதரிசியின் பெயரால் தட்டில் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, மலிதா படைக்கும் அவர்களுடைய மரங்களின் புத்தாண்டு 13. முன்பு எண்ணெய்ச் செக்கு ஓட்டியவர்கள் இவர்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி என்றே அழைத்தார்கள். திராட்சை ரசம் கிடைக்காத ஊரில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் கொண்டு சபாத்தை வரவேற்றார்கள். பங்குனியில் வருவது பஸ்கா. 2025-ல் மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்து மூவர் உலா வந்து ஓய்ந்து, ஏப்ரல் 11-ல் பங்குனி உத்திரம். மறுநாள் இரவு பஸ்கா விருந்து. புளிக்காத அப்பம் தின்னும் அந்த வாரத்தில் ஐரோப்பிய யூதர்கள் பலர் அரிசியையும் தொடமாட்டார்கள். கொச்சி யூதர்களும் பெனே இஸ்ரேலும் சோறு சாப்பிடுவார்கள். தென்னிந்தியாவில் சோற்றை விலக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஜெபாலயத்தைக் கண்ணால் பார்க்க விரும்பும் சென்னைக்காரர் இரவு சென்ட்ரலில் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எர்ணாகுளம். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568-ல் கட்டியது. அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்கு 1968 டிசம்பரில் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியாயிற்று. தரையில் நீலப்பூ வரைந்த சீன ஓடுகள், மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். கூடாரப் பண்டிகையின் முடிவில் தோராச் சுருளைக் கையில் ஏந்தி ஆடிப்பாடிக் கட்டடத்தைச் சுற்றி வந்த திருநாள்தான் கொச்சி யூதர்களின் தீபாவளி. 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறிய பிறகு, மட்டாஞ்சேரித் தெருவில் அந்தப் பாட்டுக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப்போனார்கள். சனிக்கிழமை போனால் கதவு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையும் பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது உத்தமம்.

அந்த ஜெபாலயத்தின் பொக்கிஷம் இரண்டு செப்பேடுகள். சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது யூத வணிகர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக்குழு உரிமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய சாசனம் அது. பல்லக்கு, குடை, பேரிகை, தோரணம், விதானம், சுங்க விலக்கு என்று பட்டியல் நீள்கிறது. எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் பழகிய தமிழ் ஆய்வாளர் எவரும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம்.